கட்சிப் பெயர் இல்லாத வாக்குச்சீட்டும் நீதிபதியின் தேர்தல் செலவும்: வாசகர் கேள்விகள்

விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றத்தில் காலியான ஒரே ஓர் இடத்துக்காக 2025 ஏப்ரலில் நடந்த தேர்தலில், இரு தரப்பும் சேர்ந்து ஏறத்தாழ 10 கோடி டாலர் செலவிட்டதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அந்தத் தேர்தல் கட்சிச் சார்பற்றது என்று அப்பதிலில் குறிப்பிட்டிருந்ததே பலருக்கும் வியப்பை அளித்திருக்கிறது. வந்த கடிதங்கள் அனைத்தும் அந்த ஒரு புள்ளியையே சுற்றி வருவதால், இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நீதிபதி என்பவர் யாருக்கும் கடமைப்படாதவராக இருக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். அவரைத் தெருவில் இறங்கி வாக்குக் கேட்க வைக்கும் வழக்கம் எப்படித் தோன்றியது? அமெரிக்கா முழுவதும் இப்படித்தானா?
(ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: முழுவதும் இல்லை. வாஷிங்டனில் உள்ள உச்ச நீதிமன்றத்துக்கும் மற்றக் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கும் குடியரசுத் தலைவரே நீதிபதிகளை நியமிக்கிறார். செனட் அவை ஒப்புதல் தருகிறது. தேர்தல் என்பது மாநில நீதிமன்றங்களுக்கு உரியது. 1832இல் மிசிசிப்பி மாநிலம் தன் நீதிபதிகள் அனைவரையும் மக்களே தேர்ந்தெடுக்கலாம் என்று முதன்முதலாக விதி வகுத்தது. 1846இல் நியூயார்க் அவ்வழியில் சென்ற பிறகு, மாநிலத்துக்கு மாநிலம் அது பரவியது.

இன்று நமக்கு விந்தையாகப் படும் இந்த ஏற்பாடு, நீதித்துறையின் சுதந்திரத்தைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் பிறந்தது. ஆளுநர்களும் சட்டமன்றங்களும் தமக்கு வேண்டியவர்களுக்கே பதவியை வழங்கிவந்த காலம் அது. மக்களிடமிருந்து நேரடியாக அதிகாரம் பெற்ற நீதிபதி சட்டமன்றத்தைப் பார்த்து அஞ்ச மாட்டார் என்று அன்றைய சீர்திருத்தவாதிகள் நம்பினார்கள். தாங்கள் வகுப்பில் கற்பிக்கும் கொள்கைதான் அவர்களுடைய கொள்கையும். ஆனால் ஆளுநருக்குக் கடமைப்பட்டிருந்த நிலை போய், வேட்பாளராக நிறுத்திய கட்சிக்கும், பிறகு செலவுக்குப் பணம் கொடுத்தவருக்கும் கடமைப்படும் நிலை வந்தது. 1940இல் மிசூரி வேறொரு வழியைக் கண்டது: ஒரு குழு பெயர்களைப் பரிந்துரைக்க, ஆளுநர் அவற்றுள் ஒருவரை நியமிக்க, அவர் தொடரலாமா கூடாதா என்பதை மட்டும் மக்கள் பின்னர் வாக்களித்து முடிவு செய்கிறார்கள். இன்று கட்சிப் பெயரோடு தேர்தல், கட்சிப் பெயர் இல்லாமல் தேர்தல், மிசூரி முறை, தேர்தலே இல்லாத நியமனம் என்று மாநிலங்கள் பலவாறாகப் பிரிந்து நிற்கின்றன.

கேள்வி: கட்சிச் சார்பற்ற தேர்தல் என்றால் வேட்பாளருக்குக் கட்சியே இருக்காதா?
(ஒரு வாசகர், அரியலூர்)

பதில்: வாக்குச்சீட்டில் இருக்காது, அவ்வளவுதான். இதை விளக்க நமக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர் தேர்தலும் ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தலும் கட்சிச் சின்னம் இல்லாமலேயே நடக்கின்றன. ஆனால் எந்த ஊரிலாவது, நிற்பவர் எந்தக் கட்சிக்காரர் என்று தெரியாமல் யாரேனும் வாக்களிக்கிறார்களா? ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஊராட்சியில் வேட்பாளரின் தாத்தாவைக்கூட வாக்காளருக்குத் தெரியும். ஒரு கோடி மக்கள் வாழும் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போட்டியிடும் வழக்கறிஞரைப் பெரும்பாலான வாக்காளர்கள் பெயரளவில்கூட அறிந்திருக்க மாட்டார்கள். ஊராட்சியில் கட்சிச் சின்னம் நின்றிருக்க வேண்டிய இடத்தை ஊரறிந்த முகம் நிரப்பிவிடுகிறது. அங்கே அந்த இடத்தை எது நிரப்பப் போகிறது என்பதே, என் பார்வையில், இந்தப் பொருளின் மையக் கேள்வி.

மிச்சிகனில் கட்சி மாநாடுகளே உச்ச நீதிமன்ற வேட்பாளர்களை அறிவிக்கின்றன; ஆனால் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் வராது. ஒகையோவிலும், பொதுத்தேர்தல் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதற்கான கட்சிகளின் முதனிலைத் தேர்தலில் வென்றவர்களே பொதுத்தேர்தலில் கட்சிப் பெயர் இல்லாமல் நின்றுவந்தார்கள். 2021இல் சட்டத்தைத் திருத்தி, உச்ச நீதிமன்றத்துக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்கும் கட்சிப் பெயரை அச்சிடத் தொடங்கிவிட்டார்கள். விஸ்கான்சினில் இன்றும் சட்டப்படி கட்சி இல்லை. ஆனால் 2025 தேர்தலில் இரு பெரிய கட்சிகளும் வெளிப்படையாகவே அணிவகுத்து நின்றன. தொழிலதிபர் எலான் மஸ்க்கும் அவரைச் சார்ந்த அமைப்புகளும் மட்டுமே 2 கோடி டாலருக்கு மேல் செலவிட்டும், அவர்கள் ஆதரித்த பிராட் ஷிமெல் தோற்று, சூசன் கிராஃபோர்ட் 10 சதவீதப் புள்ளிகள் அளவு வித்தியாசத்தில் வென்றார்.

கேள்வி: நீதிபதிக்கு யார் எதற்காகப் பணம் கொடுக்கிறார்கள்? அது லஞ்சம் ஆகாதா?
(ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர், திருநெல்வேலி)

பதில்: நீதிமன்றத்தில் பணியாற்றியவர் கேட்கும் கேள்வி என்பதால், ஒரு வழக்கையே சொல்கிறேன்.

மேற்கு வர்ஜீனியாவில் ஹியூ கேப்பர்டன் என்ற சுரங்க உரிமையாளர், தம் தொழிலை முறைகேடாக நசுக்கிவிட்டதாக மாசி என்ற பெரிய நிலக்கரி நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார். 2002இல் நடுவர் குழு அவருக்கு 5 கோடி டாலர் இழப்பீடு வழங்கித் தீர்ப்பளித்தது. அன்று மேல்முறையீடு மாநில உச்ச நீதிமன்றத்துக்குத்தான் செல்ல வேண்டியிருந்தது. அந்த நீதிமன்றத்தில் இருப்பவர்கள் மொத்தம் 5 நீதிபதிகள். 2004இல் அவர்களுள் ஒருவரான வாரன் மெக்ரா மீண்டும் தேர்தலைச் சந்திக்க வேண்டியிருந்தது. மாசி நிறுவனத்தின் தலைவர் டான் பிளாங்கன்ஷிப், மெக்ராவைத் தோற்கடித்து பிரென்ட் பெஞ்சமின் என்ற வழக்கறிஞரை வெற்றி பெறச் செய்வதற்காகத் தம் சொந்தப் பணத்தில் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் செலவிட்டார். வேட்பாளரிடம் நேரடியாகக் கொடுக்கக்கூடிய வரம்பு வெறும் 1,000 டாலர். மற்றதெல்லாம் வெளி அமைப்புகள், விளம்பரங்கள் வழியாகவே சென்றது. சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆகவே தாங்கள் சொல்லும் லஞ்சம் என்ற சொல் சட்டப்படி அதற்குப் பொருந்தவில்லை.

பெஞ்சமின் வென்றார். வழக்கு அந்த நீதிமன்றத்துக்கு வந்தபோது, விலகிக்கொள்ளுமாறு கேப்பர்டன் தரப்பு பலமுறை கேட்டும் அவர் விலகவில்லை. 5 கோடி டாலர் தீர்ப்பு 3க்கு 2 என்ற கணக்கில் ரத்தானது; அந்த மூவருள் பெஞ்சமினும் ஒருவர். 2009 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நீதிபதி அந்தோணி கென்னடி எழுதிய தீர்ப்பில், 5க்கு 4 என்ற பெரும்பான்மையில், பெஞ்சமின் விலகாதது அரசியலமைப்பு உறுதிசெய்யும் நேர்மையான விசாரணைக்கு முரணானது என்றது. பெஞ்சமின் உண்மையிலேயே ஒருதலைப்பட்சமாக நடந்தாரா என்பதை அந்தத் தீர்ப்பு ஆராயவில்லை. சாதாரண மனித இயல்பை வைத்துப் பார்க்கும்போது அத்தகைய சாய்வு ஏற்படும் ஆபத்து மிகப் பெரிது என்பதே அதற்குப் போதுமானதாக இருந்தது. வழக்கு திரும்பி வந்தபோது பெஞ்சமின் இல்லாத அமர்வும் 4க்கு 1 என்று கேப்பர்டனுக்கு எதிராகவே முடிவு செய்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அந்த இரண்டாவது தீர்ப்பு சரியாகவே இருந்தாலும், அதை ஐயமின்றி ஏற்றுக்கொள்ள அந்த மாநிலத்தில் எத்தனை பேருக்கு மனம் வந்திருக்கும்? பணம் தீர்ப்பை வாங்காத இடத்திலும் தீர்ப்பின் மீதுள்ள நம்பிக்கையைக் கெடுத்துவிடுகிறது. எனக்கு மிகுந்த வேதனையைத் தருவது இதுதான்.

கேள்வி: நீதிபதி வேட்பாளருக்கு அரசே செலவுக்குப் பணம் கொடுத்த மாநிலம் உண்டு என்று படித்தேன். யார் வேண்டுமானாலும் நின்று பணத்தை வாங்கிக்கொள்ள முடியுமா? அந்தப் பணம் எங்கிருந்து வந்தது?
(ஒரு வணிகவியல் மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: தாங்கள் குறிப்பிடுவது வட கரோலினாவாக இருக்க வேண்டும். முறையாக வகுக்கப்பட்டு, பல தேர்தல்களில் சோதித்தும் பார்க்கப்பட்ட திட்டம் அது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

2002இல் அம்மாநிலச் சட்டமன்றம் ஒரே சட்டத்தில் மூன்று காரியங்களைச் செய்தது. உச்ச நீதிமன்றத்துக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் நடக்கும் தேர்தலில் கட்சிப் பெயரை நீக்கியது. வேட்பாளர்களுக்காக ஒரு பொது நிதியை ஏற்படுத்தியது. ஒவ்வொரு வேட்பாளரும் யார், என்ன அனுபவம் உடையவர் என்பதைக் கூறும் கையேட்டை அச்சிட்டு வாக்காளர்களின் வீட்டுக்கே அஞ்சலில் அனுப்ப ஏற்பாடு செய்தது. 2004 தேர்தலில் மூன்றும் ஒன்றாக நடைமுறைக்கு வந்தன. பலரும் முதல் இரண்டைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். கட்சிப் பெயரை எடுத்துவிட்டால் அந்த வெற்றிடத்தில் எதையாவது வைக்க வேண்டும் என்று உணர்ந்து அந்தக் கையேட்டையும் சேர்த்தவர்களை நான் உயர்வாக மதிக்கிறேன்.

பணம் இரண்டு வழிகளில் வந்தது. வருமான வரிப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதில் குறியிட்டால், வரி செலுத்துபவர் எப்படியும் கட்ட வேண்டிய தொகையிலிருந்து 3 டாலர் இந்த நிதிக்குச் செல்லும். அதற்காக அவர் கூடுதலாக எதையும் கொடுக்க வேண்டியதில்லை. மற்றொன்று, மாநிலத்தின் வழக்கறிஞர்கள் ஆண்டுதோறும் கட்டும் கட்டணத்தோடு சேர்த்துச் செலுத்திய 50 டாலர். நீதிமன்றத்தால் பிழைப்பவர்கள் நீதிமன்றத்தின் தூய்மைக்காக ஒரு சிறு தொகையைச் செலுத்துவது நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. கட்டாயத்தின் பேரில் தமக்குப் பிடிக்காத வேட்பாளருக்கும் தம் பணம் போகிறதே என்று வருந்திய வழக்கறிஞர்களின் மனக்குறையையும் நான் புறக்கணிக்கவில்லை.

யார் வேண்டுமானாலும் வாங்க முடியாது. பதிவு பெற்ற வாக்காளர்கள் குறைந்தது 350 பேரிடமிருந்து, ஒருவருக்கு 10 டாலருக்குக் குறையாமலும் 500 டாலருக்கு மிகாமலும் நன்கொடை திரட்டிக் காட்ட வேண்டும். திரட்டிய மொத்தத் தொகை வேட்புமனுக் கட்டணத்தைப் போல் 30 மடங்காவது இருக்க வேண்டும். தம்மை நம்பும் மனிதர்கள் சிலராவது இருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சான்று. தகுதி பெற்றபின், பொதுத்தேர்தலுக்கு அரசு தரும் தொகையை ஏற்றுக்கொண்டு, வேறு யாரிடமும் கை நீட்டுவதில்லை என்றும், வரம்பை மீறிச் செலவிடுவதில்லை என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். உச்ச நீதிமன்ற வேட்பாளருக்கு அந்தத் தொகை 2 லட்சம் டாலரைச் சற்றுத் தாண்டும். திட்டத்தில் சேர்வதும் சேராததும் அவரவர் விருப்பம். எனினும் இரு கட்சி ஆதரவாளர்களுமாக வேட்பாளர்களில் பெரும்பாலோர் சேர்ந்தார்கள். நாளை தம்முன் வழக்காட நிற்கப் போகும் வழக்கறிஞரிடம் இன்று நன்கொடைக்காகத் தொலைபேசியில் பேச வேண்டிய சங்கடம் அவர்களுக்கு இல்லாமல் போனது.

கேள்வி: அவ்வளவு நல்ல திட்டம் என்றால் ஏன் கைவிட்டார்கள்?
(ஒரு வாசகி, மதுரை)

பதில்: குறைகளும் இருந்தன, முதலில் அவற்றைச் சொல்லிவிடுகிறேன். கட்சிகள் வேட்பாளரை வடிகட்டித் தராதபோது களத்தில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. 2004இல், நடுவில் காலியான உச்ச நீதிமன்ற இடம் ஒன்றுக்கு 8 பேர் நின்றார்கள். முதனிலைத் தேர்தலும் இல்லாததால், 23 சதவீத வாக்குகள் பெற்ற பால் நியூபி நீதிபதியானார். 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ஓர் இடத்துக்கு 19 பேர் நின்றார்கள். வென்றவருக்கு மொத்த வாக்குகளில் கால் பங்கும் கிடைக்கவில்லை. இடையில் 2010இல் 13 பேர் நின்ற ஓர் இடத்துக்கு, விருப்ப வரிசைப்படி வாக்களிக்கும் முறையைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். இந்தக் குறையைத் தீர்க்க அது ஒரு வழி. தொடர்ந்திருந்தால் மக்களுக்குப் பழகியிருக்கும்.

2012 தேர்தல் வேறு வகையான அடியைக் கொடுத்தது. அதே நியூபி மறுபடியும் நின்றார். எதிரே, குடியரசுத் தலைவர் நிக்சன் காலத்து வாட்டர்கேட் ஊழலை விசாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கிய செனட்டரின் பேரன் சாம் எர்வின். இருவரும் அரசு நிதியை ஏற்றுக்கொண்டவர்கள். இருவரும் வரம்பை மீறவில்லை. ஆனால் வேட்பாளருக்குத் தொடர்பில்லாத வெளி அமைப்புகள் நியூபிக்காகச் செலவிட்டது 20 லட்சம் டாலரைத் தாண்டியது. பாஞ்சோ என்ற நரம்பிசைக் கருவியின் இசையோடு அவர் புகழ் பாடும் தொலைக்காட்சி விளம்பரம் மாநிலமெங்கும் ஒலித்தது. வேட்பாளர்கள் இருவரும் பேசியதைப் போல் பல மடங்கு உரத்த குரலில், யாருக்கும் பொறுப்பில்லாத மூன்றாம் தரப்பு பேசியது. நியூபி வென்றார்.

மறு ஆண்டே, 2013 ஆகஸ்டில், ஆளுநர் பாட் மெக்ரோரி கையெழுத்திட்ட நீண்ட தேர்தல் சட்டத்தின் ஒரு பகுதியாக இந்த நிதித் திட்டம் நீக்கப்பட்டது. அரசியல்வாதிகளின் விளம்பரத்துக்கு வரிப்பணம் எதற்கு என்பது ஆதரித்தவர்களின் வாதம். வாக்காளர் அடையாள அட்டை முதலிய விதிகளும் அதே சட்டத்தில் இருந்தன; 2016இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவற்றுள் முக்கியமானவற்றைக் கறுப்பின வாக்காளர்களைக் குறிவைத்தவை என்று கண்டு ரத்து செய்தது. நீதிபதிகளின் தேர்தல் நிதியை ஒழித்த பிரிவோ அந்த வழக்கில் இடம்பெறவேயில்லை; அது அப்படியே நிலைத்துவிட்டது. 2018 முதல் இந்த இரு நீதிமன்றங்களின் தேர்தலும் மறுபடியும் கட்சித் தேர்தலாக மாறியது. கட்சிச் சார்பற்ற முறையிலிருந்து கட்சி முறைக்கு ஒரு மாநிலம் திரும்பியது, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் அதுவே முதல் தடவை.

விஸ்கான்சினில் கதை இன்னும் சுருக்கமானது. அங்கே 2009இல் இயற்றிய சட்டத்தின்படி 2011இல் ஒரே ஒரு தேர்தல் அரசு நிதியில் நடந்தது. அதே ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அதை நீக்கிவிட்டார்கள். நான் முதலில் சொன்ன 10 கோடி டாலர் தேர்தல் அந்த மாநிலத்தில்தான் நடந்தது.

கேள்வி: வெளியாட்கள் ஒருவருக்காகக் கூடுதலாகச் செலவழித்தால், மற்றவருக்கு அரசும் அதே அளவு கூட்டித் தரலாமே?
(சட்டக் கல்லூரி மாணவி, சென்னை)

பதில்: வட கரோலினாவின் சட்டத்தில் அந்த ஏற்பாடு இருந்தது, மீட்பு நிதி என்றே அதை அழைத்தார்கள். எதிர்த்தரப்பும் அதற்கு ஆதரவான வெளி அமைப்புகளும் சேர்ந்து குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிச் செலவழித்தால், அரசு நிதி பெற்றவருக்குக் கூடுதல் தொகை கிடைக்கும். 2008இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அதைச் செல்லும் என்றும் சொன்னது. ஆனால் 2011இல் அரிசோனா மாநிலத்தின் இதே போன்ற விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று செல்லாததாக்கியது. நான் பேசுவதற்காகச் செலவிடும் ஒவ்வொரு டாலரும் என் எதிரிக்கு அரசுப் பணத்தைப் பெற்றுத் தருமானால், அது என் பேச்சுரிமைக்கு விதிக்கப்படும் தண்டனை என்பது பெரும்பான்மையினரின் கருத்து. சிறுபான்மைத் தரப்பில் நீதிபதி எலினா கேகன் எழுதிய மாற்றுத் தீர்ப்பு, இதனால் யாருடைய பேச்சும் குறையவில்லை, கூடுதலான பேச்சுதான் பிறக்கிறது என்று வாதிட்டது. என் மனம் அந்த மாற்றுத் தீர்ப்பின் பக்கமே நிற்கிறது. எப்படியாயினும், 2012இல் எர்வினுக்கு மீட்பு நிதி வராமல் போனதற்குக் காரணம் இதுவே. அந்தத் தீர்ப்புக்கு முன்னதாக அந்தத் தேர்தல் நடந்திருந்தால் களம் வேறாக இருந்திருக்கும்.

2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வெளியிட்ட சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பையும் தாங்கள் சேர்த்துப் படிக்க வேண்டும். நிறுவனங்கள் தேர்தலில் தனித்து நின்று செய்யும் செலவுக்கு வரம்பில்லை என்று அது சொன்னபின், வேட்பாளரின் செலவை மட்டும் கட்டுப்படுத்தும் எந்தத் திட்டமும் ஒரு கையைக் கட்டிக்கொண்டு மல்லுக்கு நிற்பதாகவே ஆகிறது. ஆயினும் நியூ மெக்சிகோவில், மேல்முறையீட்டு நீதிபதிகளுக்கு 2007இல் தொடங்கிய அரசு நிதி, கட்சித் தேர்தல்கள் நடக்கும் சூழலிலும் நீடிக்கிறது.

கேள்வி: அரசு நிதியில் வென்ற நீதிபதி நேர்மையாக இருப்பார் என்பதற்கு என்ன உறுதி?
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: எந்த உறுதியும் இல்லை. கேப்பர்டன் வழக்கின் அவமானத்துக்குப் பிறகு மேற்கு வர்ஜீனியா கொண்டுவந்த சோதனைத் திட்டத்தின் கீழ், 2012இல் அரசு நிதியைப் பெற்று வென்றவர் ஆலன் லௌரி. அவரே 2018இல் மோசடி முதலிய குற்றங்களில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2019இல் சிறைத் தண்டனை பெற்றார். நன்கொடையாளரின் பிடியிலிருந்து நீதிபதியை விடுவிக்க மட்டுமே இத்திட்டத்தால் முடியும். அவருடைய சொந்த ஆசையிலிருந்து விடுவிக்க முடியாது. மற்றொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: அம்மாநிலம் 2015இல் கட்சிப் பெயரையும் நீக்கியது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அரசு நிதியைப் பெற்று நின்று தோற்றவர்களுள், 2004இல் அத்தனை பெரிய தனியார் பணத்தின் நிழலில் வென்ற பிரென்ட் பெஞ்சமினும் ஒருவர்.

கேள்வி: கட்சிப் பெயர் இருந்தால் வாக்காளருக்கு ஏதோ ஒரு தகவலாவது கிடைக்கிறது. மெக்சிகோவில் கட்சியும் இல்லை, பணமும் இல்லை என்று நீதிபதித் தேர்தல் நடத்தி என்ன கண்டார்கள்?
(ஒரு பத்திரிகையாளர், புதுச்சேரி)

பதில்: தாங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2025 ஜூன் 1 அன்று மெக்சிகோவில் 881 கூட்டாட்சி நீதித்துறைப் பதவிகளுக்கு மக்கள் வாக்களித்தார்கள். கட்சிகள் வேட்பாளரை நிறுத்தவோ ஆதரிக்கவோ கூடாது. அரசு நிதியும் கிடையாது, தனியார் நன்கொடையும் கிடையாது. வேட்பாளர் தம் கைப்பணத்தை மட்டுமே செலவிடலாம். ஒவ்வொரு வாக்காளரும் பல வாக்குச்சீட்டுகளில், அறிமுகமே இல்லாத நூற்றுக்கணக்கான பெயர்களிலிருந்து எண்களைத் தேடி எழுத வேண்டியிருந்தது. ஏறத்தாழ 13 சதவீதம் பேரே வந்தார்கள். எந்தப் பெட்டியில் எந்த எண்ணை எழுத வேண்டும் என்று அச்சிட்டு மடித்த தாள்கள், மடிப்புகள் கொண்ட இசைக்கருவியின் பெயரான அக்கார்டியன் என்ற பட்டப்பெயரோடு, நாடெங்கும் கைமாறின. உச்ச நீதிமன்றத்துக்கு வென்ற 9 பேரின் எண்களும் அத்தகைய தாள்களில் இருந்தன. கட்சியையும் பணத்தையும் வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் எதையும் வைக்காவிட்டால், முகம் தெரியாத ஒருவர் வந்து அமர்ந்துகொள்வார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கட்சிப் பெயர் தரும் தகவலின் தரத்தையும் பாருங்கள். 2018இல் வட கரோலினாவில் கட்சி முறை திரும்பியபோது, முதனிலைத் தேர்தலையும் அந்த ஒரு முறை ரத்து செய்திருந்தார்கள். அதுவரை ஜனநாயகக் கட்சியில் பதிவு செய்திருந்த கிறிஸ் ஆங்லின் என்ற வழக்கறிஞர், மனுத்தாக்கலுக்குச் சற்று முன்பு குடியரசுக் கட்சிக்கு மாறி, அக்கட்சியின் பதவியிலிருந்த நீதிபதி பார்பரா ஜாக்சனுக்குப் பக்கத்திலேயே நின்றார். சட்டமன்றம் அவசரமாகக் கூடி அவர் பெயருக்கு எதிரிலிருந்த கட்சிப் பெயரை நீக்க முயன்றது, நீதிமன்றம் தடுத்தது. குடியரசுக் கட்சி வாக்குகள் பிரிந்தன. ஜனநாயகக் கட்சியின் அனிதா ஏர்ல்ஸ் வென்றார். 2022 தேர்தலில் அதே நீதிமன்றத்தின் பெரும்பான்மை குடியரசுக் கட்சியிடம் சென்றது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் அதே நீதிமன்றம் தொகுதி வரையறை வழக்கில் அளித்திருந்த தீர்ப்பை, 2023 ஏப்ரலில் புதிய பெரும்பான்மை மாற்றி எழுதியது. சட்டம் மாறவில்லை, வழக்கின் சங்கதிகள் மாறவில்லை, அமர்ந்திருந்தவர்கள் மட்டுமே மாறினார்கள். கட்சிப் பெயரை அச்சிட்டவுடன் வாக்காளருக்கு வெளிச்சம் கிடைக்கிறது என்பது மெய். அந்த வெளிச்சத்தில் நீதிபதியைக் கட்சிக்காரராக மட்டுமே பார்க்க அவர் பழகிவிடுகிறார் என்பதும் மெய். ஆகவேதான் வீட்டுக்கு வந்த அந்த அஞ்சல் கையேட்டை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

கேள்வி: அண்மையில் குடியுரிமை பெற்று, வட கரோலினாவில் முதன்முதலாக வாக்களித்தேன். நீதிபதிகள் பகுதிக்கு வந்தபோது யாரையும் தெரியவில்லை. தெரியாமல் குறியிடுவதைவிட வெறுமையாக விடுவதே நேர்மை என்று விட்டுவிட்டேன். செய்தது சரியா?
(ஒரு வாசகர், கேரி நகரம்)

பதில்: தங்கள் தயக்கத்தில் நேர்மை இருக்கிறது, ஆனால் முடிவோடு நான் உடன்படவில்லை. 2020இல் தங்கள் மாநிலத்தின் தலைமை நீதிபதி பதவிக்கு ஷெரி பீஸ்லியை பால் நியூபி வென்றது 401 வாக்குகள் வித்தியாசத்தில். 2024இல் அதே நீதிமன்றத்தின் ஓர் இடத்துக்கு 55 லட்சத்துக்கும் அதிகமானோர் வாக்களித்த தேர்தலில் ஜெஃபர்சன் கிரிஃபினைவிட ஆலிசன் ரிக்ஸ் பெற்றது 734 வாக்குகளே அதிகம். வாக்களிக்கச் சென்றும் நீதிபதிகள் பகுதியைத் தங்களைப் போல் வெறுமையாக விட்டவர்கள் இந்த எண்ணிக்கைகளைவிடப் பல மடங்கு.

அந்த 734 வாக்குகளுக்குப் பிறகு நடந்ததையும் தாங்கள் அறிந்திருப்பீர்கள். கிரிஃபின் 65,000க்கும் அதிகமான வாக்குகளைச் செல்லாதவையாக்கக் கோரினார். பதிவேட்டில் ஓட்டுநர் உரிம எண்ணோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி இலக்கங்களோ இல்லை என்பதே அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு எதிரான காரணம். ஆறு மாதம் நீதிமன்றம் நீதிமன்றமாக வழக்கு நடந்து, 2025 மே மாதத்தில் கூட்டாட்சி நீதிபதி ரிச்சர்ட் மையர்ஸ் முடிவை உறுதி செய்ய உத்தரவிட்ட பிறகே கிரிஃபின் தோல்வியை ஏற்றார். ஆகவே முதலில் தங்கள் வாக்காளர் பதிவில் அந்த எண்கள் இருக்கின்றனவா என்று மாநிலத் தேர்தல் வாரியத்தின் இணையதளத்திலோ மாவட்ட அலுவலகத்திலோ கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, தங்கள் முகவரிக்குரிய மாதிரி வாக்குச்சீட்டை முன்கூட்டியே எடுத்து, அதிலுள்ள நீதிபதி வேட்பாளர்களின் பெயர்களைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள். பதவியில் இருப்பவர்கள் எழுதிய தீர்ப்புகள் பொதுவில் கிடைக்கின்றன. ஒருவர் எழுதிய இரண்டு தீர்ப்புகளையும், அதே வழக்கில் அவரோடு மாறுபட்டவர் எழுதியதையும் படிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும். நகரில் வழக்கறிஞராக இருக்கும் நம்மவர் எவரேனும் இருந்தால், நீதிமன்றத்தில் யார் பொறுமையாகக் கேட்கிறார், யார் கோப்பைப் படிக்காமலேயே வந்து அமர்கிறார் என்று விசாரியுங்கள். எந்தக் கட்சிப் பெயரும் எந்த விளம்பரமும் தராத செய்தி அவரிடம் கிடைக்கும்.